கீழிருந்து மேலே மூன்று சுற்று

இதை நம்பும்படி யாரையும் நான் வற்புறுத்தவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். கூட்டவில்லை. குறைக்கவுமில்லை. சந்தேகப்படுகிறவர்கள் பதுளைக்குப் போய் அலவியைக் கேட்கலாம். அவன் அன்று என்னோடு இருந்தான். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறியதில்லை.

நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். கம்பி ஏன் அதிர்கிறது, ஒலிபெருக்கி ஏன் உறுமுகிறது என்பதற்கெல்லாம் என்னிடம் விளக்கம் உண்டு. இதற்கு மட்டும் இல்லை.

1976 ஜனவரி. ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே தொழிற்சாலையில் நான் கிளார்க். சனிக்கிழமைகளில் பதுளை டவுனில் ஒரு பேண்டில் பேஸ் கிட்டார் வாசித்தேன். ஷுக்ரி லீட் கிட்டார். பஜாரில் அவனுடைய வாப்பாவுக்குப் புடவைக்கடை. அலவி டிரம்ஸ். பேண்டின் வேனை ஓட்டுவதும் அவன்தான். பாடுகிறவர்கள் வருவார்கள், போவார்கள். நாங்கள் மூவரும் நிரந்தரம்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் நாட்டுக்குள் வராத காலம் அது. பேஸ் கம்பி ஒரு செட் வேண்டுமென்றால் கப்பலில் வேலை செய்கிற யாரையாவது பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வருடம் ஆகும்.

"வழவழப்புக் கம்பிக்கு மாறு மச்சான்," என்று ஷுக்ரி சொல்லிக்கொண்டே இருப்பான். "பத்து வருசம் கெடக்கும். என்னத்துக்கு இந்தச் சுருள் கம்பியோட மாரடிக்கிறாய்?"

அவன் சொன்னது சரி. வழவழப்புக் கம்பியில் அழுக்கு ஏறாது. ஆனால் அதன் சத்தம் போர்வைக்குள் பேசுகிற மாதிரி இருக்கும். சுருள் கம்பியில்தான் மணியடித்தது போல் ஒரு நாதம் எழும். ஒரே குறை, விரல் வியர்வை சுருளுக்குள் இறங்கிவிடும். நாலைந்து கச்சேரியில் கம்பி செத்துப் போகும். அப்போது கழற்றி, கொதிநீரில் போட்டு எடுத்து, துடைத்து, உலர்த்தி மாட்ட வேண்டும். இன்னும் இரண்டு கச்சேரிக்குப் புதுக் கம்பி போலப் பாடும்.

அதை ரெங்கம்மா செய்வாள். என் மனைவி.

பிடி உடைந்த ஒரு அலுமினியச் சட்டியை அதற்கென்றே வைத்திருந்தாள். தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போடுவாள். அது அவளாகக் கண்டுபிடித்தது. கம்பியை மாட்டுவதும் அவள்தான். ஆனால் அவளுக்கு இடக்கைப் பழக்கம். கிட்டார்க் கழுத்தின் நுனியில் உள்ள முறுக்காணியில் கம்பியை மேலிருந்து கீழே சுற்ற வேண்டும். அப்போதுதான் கம்பி அழுந்தி உட்காரும். அவள் கீழிருந்து மேலே சுற்றுவாள். மூன்று சுற்று. நாலில் மூன்று கம்பிக்கு அது பாதகமில்லை. தடித்த கம்பி மட்டும் சரியாக அழுந்தாமல், விரல் வைக்காமல் மீட்டும்போது ஒரு ரீங்காரம் போடும். ங்ஙீ...

"வண்டையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா மச்சான்?" என்று டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து அலவி கத்துவான்.

வீட்டில் வந்து சொன்னால் ரெங்கம்மா சிரிப்பாள்.

"அந்த வண்டு நான்தாங்க. கலியாண வீட்டு மேடையில நான் ஏற முடியுமா? அதான் அத அனுப்பி வைக்கிறேன்."

1975 மார்ச்சில் அவள் இறந்தாள். பிரசவம். தோட்டத்து லொறியில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில். பிள்ளை பிழைத்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் போனாள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவளுடைய அம்மா பெரியாயி வந்து எங்களோடு தங்கினாள். சட்டியைப் பரணில் போட்டேன். செத்த கம்பிகளை வைத்தே பத்து மாதம் வாசித்தேன். ஷுக்ரிக்குத் தெரியும்.

எங்கள் வீடு தொழிலாளர் லயத்துக்கு மேலே, மலையை வெட்டிச் சமப்படுத்திய இடத்தில் தனியாக இருந்தது. பின்சுவருக்கு இரண்டு முழம் தள்ளி மண்மேடு. மார்கழி மழையில் அந்த மேட்டின் தலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. முதலில் விரல் நுழைந்தது. பொங்கலுக்குள் கையே நுழைந்தது. ஆபிஸில் போய்ச் சொன்னேன். மழை விடட்டும், வேறு வீடு பார்ப்போம் என்றார்கள். ஒவ்வொரு இரவும் பிள்ளையின் தொட்டிலைப் பின்சுவரிலிருந்து தள்ளித் தள்ளி முன்வாசல் வரைக்கும் கொண்டு வந்துவிட்டேன். அதற்கு மேல் தள்ள இடமில்லை.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை வெயில் அடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். கிட்டாரை நானே துடைத்தேன். நாலு கம்பியும் இருந்தன. பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அப்போது மணி இரண்டு.

பதுளையில் ஒரு மண்டபம். கல்யாண வரவேற்பு. ஏழு மணிக்குத் தொடக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது ஷுக்ரி ஒரு புது ஒலிபெருக்கிப் பெட்டியில் சாய்ந்து நின்றிருந்தான். அலுமாரி உயரம்.

"பதினஞ்சு இஞ்சி ஸ்பீக்கர். ஒண்ணே ஒண்ணு. தச்சன வச்சு அடிச்சது. தரை நடுங்கும் பாரு."

"தரை நடுங்கும். சுரம் கேட்காது. என்னோட பன்னிரண்டு இஞ்சி ரெண்டும் போதும்."

"கலியாண வீட்டுல எவன்டா சுரம் கேக்குறான்? புரியாணி எறங்குற நேரத்துல நெஞ்சுல இடிக்கணும். அவ்வளவுதான்."

அலவி சிரித்தான். நான் பூட்டைத் திறந்து கிட்டார்ப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன்.

கிட்டாரில் கம்பி இல்லை.

ஒன்றுகூட இல்லை. நாலு முறுக்காணியும் மொட்டையாக நின்றன. துடைத்து வைத்தது போலச் சுத்தமாக.

"என்ன விளையாட்டு இது?" என்றான் ஷுக்ரி. என் முகத்தைப் பார்த்தான். குரல் மாறியது. "இந்த ஊருல பேஸ் கம்பி எங்க ஈக்குது? ஓடு. வீட்டுல எங்கயாவது கழட்டி வச்சிருப்பாய். அலவி, வேனை எடு."

நான் கழற்றவில்லை. சொல்லிப் பயனில்லை.

வேன் மலையேறும்போதே மழை பிடித்துக்கொண்டது. பாதி வழியில் மூடுபனி. அலவி வெளிச்சத்தைப் போட்டான். ஐந்தரைக்கு வீட்டு வாசலில் நின்றோம். அடுப்படியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

பெரியாயி அத்தை முன்னறையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க மாப்புள, திரும்பிட்டீங்க?"

"கம்பி..."

"அதான் கொதிக்குதே. நீங்கதான வச்சிட்டுப் போனீங்க?"

அடுப்படிக்குள் போனேன்.

பிடி உடைந்த சட்டி. பரணில் போட்டது. அடுப்பில் இருந்தது. உள்ளே நாலு கம்பி, அளவுப்படி, வளையம் வளையமாக. தண்ணீர் அப்பச்சோடாவில் வெளுத்திருந்தது.

இரண்டு மணிக்கு வைத்திருந்தால் அது எப்போதோ வற்றியிருக்க வேண்டும். சட்டி நிறையத் தண்ணீர் இருந்தது.

முன்னறைக்குத் திரும்பினேன். பாப்பா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே பார்த்தபடி. தலையில் மஞ்சள் கம்பளிக் குல்லா. மேலே பூப்போட்ட சட்டை. இரண்டும் அவள் பிறப்பதற்கு முன் ரெங்கம்மா செய்து வைத்தவை. தகரப்பெட்டியில் இருந்தவை. அந்தப் பெட்டியின் சாவி என் இடுப்பில் இருந்தது.

"இது யாரு போட்டது, அத்தை?"

அத்தை அப்போதுதான் பார்த்தாள். உலக்கை கையிலேயே நின்றது.

"பெட்டி சாவி ஒங்ககிட்டதான இருக்கு?"

"ஆமா."

அவள் அழவில்லை. கத்தவுமில்லை. சிரித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வந்துட்டா," என்றாள். "எம் மக வந்துட்டா."

வெளியே அலவி ஹார்ன் அடித்தான்.

"கிளம்புங்க அத்தை. இன்னைக்கு டவுன்ல தங்குவோம். அலவி வீட்டுல எடம் இருக்கு."

"இந்த வருசம் பொங்கலும் வைக்கல. சாவு வீடுன்னு சொல்லி ஒரு படையலும் போடல. வெறும் வயித்தோட போன புள்ள. அடுப்பத் தேடி வந்திருக்கா. ஒரு புடி சோறாக்கி வைக்காம எப்படி மாப்புள நான் வெளிய போவேன்?"

அவள் அடுப்படிக்குள் போய்ச் சட்டியை இறக்கி, சோற்றுப்பானையை ஏற்றினாள். அடுப்பு அணைந்தது.

தண்ணீர் சிந்தவில்லை. காற்றும் இல்லை. அத்தை குனிந்து ஊதினாள். பற்றிக்கொண்டது. அவள் நிமிர்ந்ததும் மறுபடி அணைந்தது.

"பாத்தீங்களா?" என்றாள். "பசி பொறுக்க மாட்டேங்குறா."

"மழை வலுக்குது அத்தை. வாங்க."

"நீங்க புள்ளயத் தூக்கிட்டுப் போங்க. நான் சோறு வச்சிட்டுக் கடைசி பஸ்ஸுல வந்துர்றேன். போங்க."

மூன்றாம் முறை ஊதிக்கொண்டிருந்தாள். நான் கம்பிகளை ஒரு துண்டில் சுற்றினேன். பாப்பாவைத் தூக்கினேன். கிளம்பினேன். பாப்பா என் தோளுக்கு மேலாக அடுப்படியையே பார்த்தாள். கைகொட்டினாள். யாரையோ தெரிந்த மாதிரி.

வேனில் பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கம்பி மாட்டினேன். அலவி ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் டோர்ச் பிடித்தான். மேலிருந்து கீழே சுற்றினேன். நாலையும் அப்படித்தான். அலவி பார்த்தான்.

"யாரு மச்சான் கொதிக்க வச்சது?"

"தெரியல."

டவுனில் அவனுடைய மனைவி ஜெனீராவிடம் பாப்பாவை விட்டோம்.

ஏழு மணி. மண்டபம் நிறைந்திருந்தது. என் பழைய ஸ்பீக்கர் பெட்டியை இறக்க நேரமில்லை. ஷுக்ரியின் பதினைந்து இஞ்சியில்தான் இணைத்தேன். முதல் பாட்டு. பத்து மாதத்துக்குப் பிறகு என் கிட்டார் பாடியது. ஒவ்வொரு சுரமும் மணிபோல் தனியாக விழுந்தது. ஷுக்ரி திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். நான் வாசலைப் பார்த்தபடி வாசித்தேன். கடைசி பஸ் ஏழேகாலுக்கு டவுனுக்கு வரும். நிறுத்தத்திலிருந்து மண்டபம் இரண்டு நிமிட நடை.

ஏழேகால் ஆனது.

ஏழரை ஆனது. அத்தை வரவில்லை.

நாலாவது பாட்டு. தடித்த கம்பியை விரல் வைக்காமல் மீட்டினேன்.

ங்ஙீ...

அலவியின் குச்சி ஒரு அடி தவறியது. நாலு வருடத்தில் அவன் தவறி நான் கேட்டதில்லை.

"மச்சான்," என்றான். "வண்டு."

கிட்டார்க் கழுத்தின் நுனியைப் பார்த்தேன். மூன்று கம்பி நான் சுற்றியபடியே இருந்தது. தடித்த கம்பி மட்டும்...

கீழிருந்து மேலே. மூன்று சுற்று.

வாசிப்பதை நிறுத்தினேன். இரண்டு கையையும் எடுத்தேன். ஸ்பீக்கர் பெட்டி நிற்கவில்லை. அதிலிருந்து ஒரு உறுமல். என் கிட்டாரின் கடைசிச் சுரத்துக்கும் கீழே. காதில் கேட்கவில்லை. பாதத்தில் ஏறியது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது.

ஏழு நாற்பது. கரண்ட் போனது.

இருட்டு.

பெட்டியின் சிவப்பு விளக்கும் அணைந்தது. மைக் செத்தது. ஷுக்ரியின் கிட்டார் செத்தது.

நான் இணைத்த பெட்டி சாகவில்லை.

கரண்ட் இல்லாத பெட்டியிலிருந்து... தடித்த கம்பி ஒலித்தது.

மெதுவாக. பிறகு இன்னும் கொஞ்சம் மேலே. யாரோ கம்பியை இழுக்கிறார்கள். சுரம் ஏறுகிறது. இன்னும் இழுக்கிறார்கள். இன்னும்...

"நிறுத்துடா!" இருட்டில் ஷுக்ரி.

"நான் வாசிக்கல."

என் நெஞ்சோடு கிடந்த கிட்டார் நடுங்கியது. அதன் கழுத்து வாசல் பக்கம் திரும்பியது. நான் திருப்பவில்லை.

இழுத்தது.

இழுத்தது.

டொக்.

அவ்வளவுதான்.

யாரோ பெட்ரோமெக்ஸ் விளக்குக் கொண்டு வருவதற்குள் இருட்டிலேயே கிட்டாரை அதன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதை வெளிச்சத்தில் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

கடைசி பஸ் ஒன்பது மணிக்கு வந்தது. மரம் விழுந்து வழியில் நின்றிருந்தது. அத்தை அதில் இல்லை. கொண்டக்டர்தான் சொன்னான். மேலே தோட்டத்தில் மலை இறங்கிவிட்டது. கரண்ட் தூணும் அதோடு போய்விட்டது.

பாதை அடைபட்டிருந்தது. விடிந்த பிறகுதான் நடந்து போய்ச் சேர்ந்தேன். வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண். ஒரு தகரம் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் தோண்டினார்கள். மூன்றாம் நாள் அத்தையை எடுத்தார்கள். நான் அப்போது பாப்பாவோடு டவுனில் இருந்தேன். துணியில் சுற்றிய பிறகுதான் பார்த்தேன். அடக்கம் செய்தோம்.

கதை இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். மூன்று வருடம் ஆகிறது. இப்போது பதுளைக் கடைகளிலேயே கம்பி பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்குகிறது. நான் வாங்குவதில்லை.

அத்தையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மாடசாமி வந்தான். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். தோண்டியவர்களில் ஒருவன். எல்லாரும் சாப்பிட்டுப் போகும்வரை அலவி வீட்டு வாசலிலேயே நின்றான். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஐயா, ஒண்ணு ஒங்ககிட்ட குடுக்கணும். டெலிபோன் கம்பியோன்னு நெனச்சேன். கணக்கப்புள்ளதான் இது ஐயா கிட்டார் கம்பின்னாரு."

தாளில் சுற்றியிருந்தான். பிரித்தேன். தடித்த கம்பி. நுனியில் கிட்டாரில் மாட்டுகிற பித்தளை மணி.

"எங்கே இருந்தது?"

"நாங்க அந்தப் பக்கம் தோண்டவே இல்லீங்க. எல்லாரும் பின்பக்கம் தேடிக்கிட்டு இருந்தோம். எம் மம்பட்டி இதுல பட்டுச்சு. ங்ஙொம்முனு ஒரு சத்தம். மண்ணுக்குள்ள இருந்து. நாலு பேருக்கும் கேட்டுச்சுங்க. அத வச்சுத்தான் அங்க தோண்டினோம்."

"மண்ணுக்குள் எப்படிச் சத்தம் வரும்? கம்பி விறைப்பாக இருந்தால்தானே..."

"விறைப்பாத்தான் இருந்துச்சு. ஒரு முனை அந்தம்மா கையில. அவங்க அடுப்படியில இல்லீங்க. அடுப்படி நெலைய தாண்டி, முன்வாசலப் பாத்துக் குப்புறக் கெடந்தாங்க. கை முன்னால நீட்டி. கம்பி மறுமுனை வாசலுக்கு வெளிய போவுது. புடிச்சு இழுத்தாப்பல."

"மறுமுனை எதில் கட்டியிருந்தது?"

மாடசாமி என் கையிலிருந்த கம்பியைப் பார்த்தான்.

"அதாங்க நானும் பாத்தேன். எதுலயும் கட்டல. வெறும் மண்ணு."

அவன் தன் வலது மணிக்கட்டை நீட்டினான். இடது விரலால் அதன் மேல் கோடு போட்டுக் காட்டினான். உள்ளங்கைப் பக்கம் தொடங்கி, முழங்கைப் பக்கமாக ஏற்றினான்.

"அந்தம்மா மணிக்கட்டுல இப்படிச் சுத்தியிருந்துச்சுங்க. மூணு சுத்து."

அவன் போன பிறகு உள்ளே வந்தேன். கிட்டார்ப் பெட்டி மண்டபத்திலிருந்து கொண்டுவந்து வைத்த மூலையிலேயே இருந்தது. தூசி படிந்திருந்தது. பூட்டு பூட்டியபடி. சாவி என் இடுப்பில். அந்த இரவுக்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

திறந்தேன்.

மூன்று கம்பி இருந்தது.

நான்காவது முறுக்காணியைத் தொட்டேன். விரலில் செம்மண் ஒட்டியது.

ஈரமாக இருந்தது.